புத்தகப் படங்களின் கையால் வரைந்த நகல் என்றால் என்ன? ஆலிஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஆலிஸ் கதையில் வரும் வெள்ளை முயல் கையில் கடிகாரத்தோடு நிற்கும் படம், மரக்கிளையில் உட்கார்ந்து பல்லைக் காட்டும் செஷயர் பூனை, கிறுக்குத் தொப்பிக்காரரின் தேநீர் விருந்து. இந்த மாதிரிப் பழைய புத்தகப் படங்களை 'ஹேண்ட் பெயின்டட்' என்று போட்டு ஆன்லைனில் நிறையப் பேர் விற்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. இதை நாமே வரைந்து பார்த்தால் என்ன என்று பிரஷ்ஷைத் தேடிக் கிளம்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சீக்கிரமே ஒரு குழப்பம் வந்துவிடும்: இதில் எது அசல், எது நகல், பிரின்ட்டின் மேல் கலர் அடித்தால் அது ஓவியமா, அந்தக் கலரை யார் முடிவு செய்தார்கள்?

வரையறை என்று பார்த்தால் சுலபம். பேர்பெற்ற ஒரு கதைப் புத்தகத்துக்காக யாரோ வரைந்த படத்தை, இன்னொருவர் பார்த்துப் பார்த்துக் கையால் திரும்ப வரைவது, அல்லது அந்தப் படத்தின் அச்சுப் பிரதிக்குக் கையால் வண்ணம் தீட்டுவது. அவ்வளவுதான். ஆனால் மோனாலிசாவை நகலெடுக்கிறவருக்கு இல்லாத ஒரு சிக்கல் இவருக்கு இருக்கிறது. மோனாலிசா ஒன்றுதான், பாரிஸில் ஒரு சுவரில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். புத்தகப் படத்துக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. அது அச்சாவதற்காகவே பிறந்த படம், ஆயிரக்கணக்கில் அச்சான பிறகுதான் அது முழுப் படமாகவே ஆகிறது. அதனால் எந்தக் கைவரை நகலைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு நன்றாக இருக்கிறது' என்பது இல்லை. 'எதைப் பார்த்து வரைந்தது' என்பதுதான். இந்த ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஆலிஸையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தச் சிக்கலின் எல்லா முடிச்சும் அந்த ஒரு புத்தகத்தில் இருக்கிறது.

'ஆலிஸின் அற்புத உலகம்' 1865-ல் லண்டனில் மேக்மில்லன் வெளியீடாக வந்தது. எழுதியவர் லூயிஸ் கரோல். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியாராக இருந்த சார்ல்ஸ் டாட்ஜ்சனின் புனைபெயர் அது. படங்கள் ஜான் டென்னியல், மொத்தம் 42. டென்னியல் அப்போது 'பஞ்ச்' பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட், ஊரறிந்த ஆள். கரோலும் சும்மா இருக்கவில்லை. 1864-ல் ஆலிஸ் லிடெல் என்ற சிறுமிக்குப் பரிசாகக் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் 37 படங்களை அவரே வரைந்திருக்கிறார், அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எனக்கு அந்தக் கோணல்மாணல் படங்களின் மேல் தனிப் பிரியம் உண்டு, ஆனால் உலகம் ஞாபகம் வைத்திருப்பது டென்னியலின் ஆலிஸைத்தான்.

டென்னியல் படம் எப்படி உருவானது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், நகல் வரைகிறவருக்கு இதுதான் அடிப்படை. முதலில் தாளில் பென்சிலால் வரைவார். அதை ட்ரேஸ் செய்து, இடவலம் மாற்றி, வெள்ளை பூசிய மரக்கட்டையின் மேல் இறக்குவார். கட்டை பாக்ஸ்வுட் என்ற மரம், அதுவும் பலகையாக அறுத்தது இல்லை, அடிமரத்தைக் குறுக்காக வெட்டிய முகம், அதனால் இரும்பு மாதிரி கெட்டி, முடியளவு மெல்லிய கோடும் அதில் நிற்கும். அப்புறம் கட்டை டால்ஸீல் சகோதரர்களின் பட்டறைக்குப் போகும். லண்டனில் அந்தக் காலத்தில் மரச்செதுக்கு வேலையில் பெரிய பெயர் அவர்களுடையது. எங்கெல்லாம் கறுப்புக் கோடு இருக்கிறதோ அதைத் தொடாமல் விட்டுவிட்டு, வெள்ளையாக வரவேண்டிய ஒவ்வொரு இண்டு இடுக்கையும் உளியால் தோண்டி எடுப்பார்கள். கோடு மேடாக நிற்கும், மை அதில் மட்டும் ஒட்டும். ஆலிஸ் படங்கள் பலவற்றின் மூலையில் உற்றுப் பாருங்கள், டென்னியலின் முதலெழுத்துகளைப் பின்னிய முத்திரையோடு 'டால்ஸீல்' என்ற பெயரும் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டையின் மேல் டென்னியல் போட்ட கோடுகள் செதுக்கும்போதே போய்விட்டன. மிஞ்சியது செதுக்குகிறவர் அதைப் புரிந்துகொண்ட விதம்தான். ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு எடுத்து வந்தால் டென்னியல் அதன் மேல் வெள்ளை மையால் இங்கே குறை, அங்கே மெலிதாக்கு என்று திருத்தி அனுப்புவார், திரும்பச் செதுக்குவார்கள். ஆக நாம் பார்க்கும் கோடு இரண்டு தரப்புக் கைகள் சேர்ந்து உண்டாக்கியது.

அதோடு முடியவில்லை. கட்டையில் நேரடியாக ஆயிரக்கணக்கில் அச்சடித்தால் தேய்ந்துவிடும் என்பதால், அதன் மேல் மெழுகில் அச்சு எடுத்து, மின்சாரம் பாய்ச்சிச் செம்பு படிய வைத்து, அந்தச் செப்புத் தகட்டில்தான் அச்சடித்தார்கள். அப்படியும் முதல் 2,000 பிரதிகளில் படங்கள் அச்சான தரம் டென்னியலுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கரோல் மொத்தத்தையும் திரும்பப் பெற்று, வேறு அச்சகத்தில் புதிதாக அச்சடிக்க வைத்தார். ஒதுக்கப்பட்ட தாள்கள் அமெரிக்காவின் ஆப்பிள்டன் பதிப்பகத்துக்கு விற்கப்பட்டன. லண்டனில் வெளியே போய்த் தப்பிய முதல் அச்சுப் பிரதிகள் இன்று இருபதுக்குச் சற்று மேல்தான் இருக்கின்றன, ஏலத்துக்கு வந்தால் செய்தியாகும். மரக்கட்டைகள் என்ன ஆயின? பல காலம் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கிடந்து 1985-ல் கண்டெடுக்கப்பட்டன. 1988-ல் அவற்றிலிருந்தே நேரடியாகச் சிறு எண்ணிக்கையில் அச்சுகள் எடுத்தார்கள், அவற்றில் கோடுகள் பளிச்சென்று வேறு தினுசாக இருக்கும்.

சரி, இப்போது சொல்லுங்கள், 'அசல்' எது? ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம் போன்ற இடங்களில் இருக்கும் பென்சில் வரைபடமா? கட்டையா? டென்னியல் வேண்டாம் என்ற முதல் அச்சா, ஒப்புக்கொண்ட இரண்டாவது அச்சா? பென்சில் படத்தைப் பார்த்து வரைந்தால் மென்மையான, தேடித் தேடிப் போன கோடுகள் வரும். அச்சைப் பார்த்து வரைந்தால் உறுதியான, உளி வெட்டிய கோடுகள் வரும். இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நடைமுறையில் பெரும்பாலோர் பார்த்து வரைவது இவை எதையும் இல்லை, பத்துக் கை மாறி மறு அச்சான ஏதோ ஒரு மலிவுப் பதிப்பின் ஸ்கேனை. அதில் நெருக்கமான கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிட்டிருக்கும். வரைகிறவர் அந்தத் திட்டையும் பக்தியோடு நகலெடுப்பார்! பெரிய நூலகங்கள் ஆரம்பகாலப் பதிப்புகளை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கும்போது இது தேவையே இல்லாத வேலை.

பேனாவால் வரைகிறவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் திணறுவார்கள், அது குறுக்கு நெடுக்காகப் போடும் கோட்டு நிழல். நாம் பேனாவில் நாலு கோடு இப்படி, நாலு கோடு அப்படி என்று இழுத்தால் முடிந்தது. செதுக்கியவருக்கோ கோடுகளுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு குட்டிச் சதுரத்தையும் தனித்தனியாக நோண்டி எடுக்கும் வேலை. அதனால் அச்சில் அந்த வெள்ளைச் சதுரங்களின் மூலைகள் கூர்மையாக இருக்கும். பேனா மையிலோ கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை லேசாகத் தேங்கி மூலை மழுங்கிவிடும். அச்சின் உணர்வு வேண்டுமென்றால் ஒரு திசைக் கோடுகளைப் போட்டு முழுக்கக் காய விட்டு, அப்புறம்தான் குறுக்கே போக வேண்டும். கோட்டின் நுனியையும் கவனியுங்கள். உளி விலகும் இடத்தில் கோடு ஊசியாகச் சன்னமாகி முடியும், ஒரே தடிமனில் எழுதும் ஜெல் பேனாவில் அது வராது. தொட்டு எழுதும் நிப் பேனாதான் சரி.

அடுத்தது கலர். எனக்கு இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி இதுதான்.

1865 புத்தகத்தில் கலரே கிடையாது, எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்படியிருக்க 'ஒரிஜினல் வண்ணத்தில் டென்னியல் ஆலிஸ்' என்று ஒருவர் விற்றால் என்ன அர்த்தம்? நேராகக் கேட்டுவிடுங்கள், யாருடைய வண்ணம் என்று. டென்னியலே வண்ணம் தீட்டிய ஆலிஸ் ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்காகக் கரோல் சுருக்கி எழுதிய 'நர்சரி ஆலிஸ்', 1890. அதில் 20 படங்களைப் பெரிதாக்கி டென்னியல் கலர் செய்ய, வண்ண அச்சில் கைதேர்ந்த எட்மண்ட் எவன்ஸ் அச்சடித்தார். முதலில் அடித்துவந்த 10,000 பிரதிகளைக் கலர் ரொம்பப் பளபளப்பு என்று கரோல் நிராகரித்தார் (இந்த மனிதர்களுக்குப் பிரதிகளைத் திருப்பி அனுப்புவது ஒரு பழக்கமாகவே இருந்திருக்கிறது). அந்தப் புத்தகத்தில் ஆலிஸ் போட்டிருப்பது மஞ்சள் கவுன். ஆமாம், மஞ்சள். இன்று எல்லோர் மனதிலும் இருக்கும் நீலக் கவுன், 1911-ல் மேக்மில்லன் பதிப்புக்காக ஹாரி தீக்கர் என்பவர் டென்னியலின் படங்களுக்கு வண்ணம் தீட்டியதில் இருக்கிறது, அப்புறம் 1951-ல் வந்த டிஸ்னி படம் அதை உலகம் முழுக்க ஆணியடித்து இறுக்கிவிட்டது. கதையில் கரோல் கவுனுக்கு எந்த நிறமும் சொல்லவில்லை.

ஆகவே நீலம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பச்சையே போட்டாலும் போடலாம். ஆனால் 'டென்னியல் வண்ணம்' என்று சொல்லி நீலத்தை விற்கக் கூடாது.

கதையே நிறத்தைச் சொல்லிவிடும் இடங்களும் உண்டு, அங்கே நமக்கு உரிமை குறைவு. கம்பளிப்பூச்சி நீலம். முயலுக்குக் கண் இளஞ்சிவப்பு. வெள்ளை ரோஜாக்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கும் மூன்று தோட்டக்காரர்களும் சீட்டுக்கட்டின் ஸ்பேடு சீட்டுகள், அவர்கள் உடம்பில் இருக்கும் குறி கறுப்பு. கதையைப் படிக்காமல் படத்துக்கு மட்டும் கலர் அடிக்கிறவர் இதிலெல்லாம் மாட்டிக்கொள்வார். இதற்குப் பிரபலமான இன்னொரு பொறி, சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்'. அதில் வரும் நிகழ்காலக் கிறிஸ்துமஸின் ஆவி வெள்ளை ரோம ஓரம் வைத்த பச்சை அங்கி அணிந்திருப்பதாக டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். தாடி வைத்த பெரிய ஆள், ரோம ஓரம், கிறிஸ்துமஸ் என்றதும் கை தானாகச் சிவப்புக்குப் போகும், போகக் கூடாது.

அந்தப் புத்தகத்தைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கையால் வண்ணம் தீட்டுவது இப்போது புதிதாகக் கண்டுபிடித்த ஆடம்பரம் இல்லை. 1843 டிசம்பரில் 'கிறிஸ்துமஸ் கரோல்' வந்தபோது அதில் ஜான் லீச் வரைந்த நான்கு படங்கள் ஒவ்வொரு பிரதியிலும் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டவை. முதல் பதிப்பு 6,000 பிரதிகள், பெருக்கிப் பாருங்கள். வண்ண அச்சு மலிவாக வராத அந்தக் காலத்தில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் எல்லாத் தாளிலும் நீலம் மட்டும் தீட்டித் தள்ளிவிட, அடுத்தவர் சிவப்பு என்று போகும். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டிக்கன்ஸுக்கும் இதில் கை கடித்தது. படங்கள், கட்டு எல்லாவற்றுக்கும் செலவு எகிறி, ஐந்து ஷில்லிங் விலையில் புத்தகம் விற்றுத் தீர்ந்தும், ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு அந்த 6,000 பிரதிகளில் நின்றது 230 பவுண்டுதான்.

அந்தப் பழைய கைவண்ணக்காரர்களிடமிருந்து இன்று வரைகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அவர்கள் தட்டையான, மெல்லிய, உள்ளே இருக்கும் கோடு தெரிகிற வாஷ்தான், அதாவது தண்ணீரில் நீர்க்கக் கரைத்த வண்ணப் பூச்சுதான் போட்டார்கள். ஏனென்றால் நிழல் முழுவதும் ஏற்கெனவே கோடுகளில் இருக்கிறது. டென்னியல் படத்தில் பாவாடை மடிப்பு, மரத்தடி இருட்டு எல்லாம் கோடுகளாலேயே சொல்லியாயிற்று. அதன் மேல் நாமும் கலரில் நிழல் காட்டப் போனால் இருட்டு இரட்டிப்பாகி, படம் சேறாகிவிடும். புதிதாக வரைகிறவர்களின் ஆலிஸ் அழுக்காகத் தெரிவதற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான் என்பேன்.

ஆர்தர் ராக்கம் விஷயம் இதற்கு நேர் எதிர். ஆலிஸ் கதைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை 1907-ல் முடிந்ததும் வரிசையாகப் பல ஓவியர்கள் புதுப் படங்களோடு இறங்கினார்கள், அதில் முக்கியமானவர் ராக்கம். அதற்கு முந்தைய வருடம்தான் கென்சிங்டன் பூங்காவின் பீட்டர் பேன் கதைக்கு அவர் 50 வண்ணப் படங்கள் வரைந்து பெரிய பேர் வாங்கியிருந்தார். இவருடையது மரச்செதுக்கு இல்லை. தாளில் வாட்டர்கலர் வாஷ்களை அடுக்கடுக்காக ஏற்றி, மேலே மையால் கோடு போட்டு வரைந்தவற்றை, போட்டோ எடுத்து வண்ண வடிகட்டிக் கண்ணாடி மூலம் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரித்து, புள்ளிகளாக மாற்றிப் பளபளப்புத் தாளில் அச்சடித்து, புத்தகத்தில் தனியாக ஒட்டினார்கள். அதாவது இங்கே உண்மையான ஒரு அசல் வாட்டர்கலர் இருக்கிறது, புத்தகம் வரும்போது லண்டன் கேலரியில் அவற்றைக் காட்சிக்கு வைத்து விற்கவும் செய்தார். புத்தகத்தில் இருப்பது அதன் புள்ளி அச்சு.

எனவே ராக்கமை நகலெடுக்கும்போது பழுப்பும் சாம்பலும் கலந்த அந்த மங்கல் நிறத்தில் எவ்வளவு ராக்கம், எவ்வளவு அச்சு, எவ்வளவு வெறும் நூறு வருடப் பழுப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் வேண்டும், மூன்றாவது வேண்டாம் என்பது என் கட்சி. படத்தைச் சுற்றியுள்ள வெற்றுத்தாளின் நிறத்தைப் பார்த்தாலே எவ்வளவு பழுப்பேறியிருக்கிறது என்று பிடித்துவிடலாம், அந்த அளவைப் படத்திலிருந்தும் மனசுக்குள் கழித்துவிட்டு வரையுங்கள். சிலர் வேண்டுமென்றே டிகாஷனில் தாளை நனைத்துப் பழசாக்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது தாளை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், வாங்குகிறவரைப் பழைய பொருள் என்று நினைக்கவும் வைக்கும்.

வாங்குகிறவர்கள் பக்கம் வருவோம். கடையில் 'கையால் வரைந்தது' என்ற பெயரில் நாலைந்து வகை உலவுகிறது. தாளில் முழுக்கக் கையால் கோடும் வண்ணமும் போட்டது ஒன்று. கோடு அச்சு, வண்ணம் மட்டும் கை என்பது ஒன்று, இது கேவலமானது ஒன்றும் இல்லை, லீச்சின் படங்களே அப்படித்தான். கேன்வாஸில் ஆயில் பெயின்ட்டில் பெரிதாக்கி வரைந்தது இன்னொன்று. சீனாவின் ஷென்சென் நகரத்தில் டாஃபன் என்ற இடம் 1989-லிருந்து இந்த ஆயில் நகல் தொழிலுக்கே பேர்போனது, அங்கே வேண்டிய படத்தை வேண்டிய அளவில் வரைந்து கொடுப்பார்கள். கடைசியாக, இங்க்ஜெட் பிரின்ட்டின் மேல் ஆங்காங்கே ஜெல்லோ பெயின்ட்டோ தடவி 'கைவேலைப்பாடு' என்று விற்பது. இதை 'ஜிக்ளே' என்று ஸ்டைலாகச் சொல்வார்கள், அடியில் இருப்பது பிரின்ட்டர்தான்.

பிரித்தறிய ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. வரிசையாக அடுக்கிய வண்ணப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் ஆஃப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரி மிக நுண்ணிய புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல், வாஷ் காய்ந்த ஓரத்தில் நிறம் கொஞ்சம் அழுத்தமாகத் தேங்கியிருந்தால், ஓரிரு இடத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால், அடியில் பென்சில் கோடு எட்டிப் பார்த்தால் கை. கறுப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள், அதில் மட்டும் புள்ளி தெரிந்தால் கோடு அச்சு, வண்ணம் கை. ஆன்லைனில் வாங்கும்போது கண்ணாடி வைத்துப் பார்க்க முடியாது, விற்கிறவரிடம் ஒரு மூலையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாக வரைகிறவர் சந்தோஷமாக அனுப்புவார்.

ஆயிலில் பெரிதாக்கியவற்றைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. டென்னியலின் படங்கள் உள்ளங்கையளவு, புத்தகத்தின் எழுத்துகளோடு சேர்ந்து உட்காரும்படி அளந்து செய்தவை. சிலவற்றில் பக்க அமைப்பே படத்தின் பாதி. இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தில் ஆலிஸ் நிலைக்கண்ணாடிக்குள் நுழையும் படம் தாளின் ஒரு பக்கத்தில், மறுபக்கம் அவள் வெளியே வரும் படம். தாளே கண்ணாடியாகிவிடுகிறது. இதில் ஒன்றை மட்டும் எடுத்து மூன்றடி கேன்வாஸில் போட்டால் அந்த விளையாட்டு செத்தது. கோடுகளும் அப்படித்தான், அஞ்சாறு மடங்கு பெரிதாக்கினால் மென்மையான கோட்டு நிழல் மூங்கில் தட்டி மாதிரி ஆகிவிடும், அதைத் தவிர்க்கக் கோட்டை நீக்கி ஆயிலில் நிழல் கொடுத்தால் பிறகு அது டென்னியலே இல்லை, டென்னியலின் காட்சியமைப்பை எடுத்துக்கொண்ட வேறு ஓவியம். அதுவும் ஒரு கலைதான், வேறு பெயரில்.

வரைய நினைப்பவர்களுக்குச் சாமான் பட்டியல் பெரிதில்லை. 300 ஜிஎஸ்எம் எடையில் வழுவழுப்பான காட்டன் தாள் (சொரசொரப்பான தாளில் நிப் தட்டும்), நிப் பேனா, தண்ணீர் பட்டால் கரையாத இங்க், நாலைந்து நல்ல வாட்டர்கலர். இங்க்கை மட்டும் முதலில் வேறொரு தாளில் சோதித்துவிடுங்கள், சாதாரண ஃபவுன்டன் பேனா இங்க்கில் கோடு போட்டு அதன் மேல் வாஷ் அடித்தால் மொத்தமும் ஓடிவிடும். கலர் வாங்கும்போது ட்யூபின் மேல் வெளிச்சம் தாங்கும் தரம் போட்டிருக்கும், பாருங்கள். அலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகள் நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் வெளிறிவிடும். ராணியின் தோட்டத்தில் ரோஜா மறுபடி வெள்ளையாகிப் போவது கதைக்குப் பொருத்தம்தான், வீட்டுச் சுவருக்கு இல்லை.

ஸ்கேனை அசல் அளவிலோ அதைவிட ஒன்றரை மடங்குக்கு மிகாமலோ பிரின்ட் எடுத்து, லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி) வைத்துப் பென்சிலில் முக்கியக் கோடுகளை மட்டும் இறக்குங்கள். ட்ரேஸ் செய்வது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டென்னியலே ட்ரேஸ் செய்துதான் கட்டையில் இறக்கினார். இன்னும் சொன்னால், ஆலிஸ் கதையில் வரும் டச்சஸ் என்ற சீமாட்டிக்கு அவர் வரைந்த அழகில்லாத முகமே லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், குவென்டின் மட்சிஸ் 1513 வாக்கில் வரைந்த கிழவியின் ஓவியத்தை அடியொற்றியது என்பது பலர் கருத்து. பிறகு இங்க், அது ஒரு இரவு காயட்டும், பிறகு வாஷ். எல்லா நிழல் கோடுகளையும் எண்ணி எண்ணி நகலெடுக்க வேண்டிய அவசியம் இல்லை, எந்தத் திசையில் போகிறது, எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பது சரியாக இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும்.

உரிமை விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விற்க நினைத்தால் இது தெரிந்தே ஆகவேண்டும். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 வருடம் காப்புரிமை. டென்னியல் 1914-ல் இறந்தார், ராக்கம் 1939-ல், இரண்டு பேரின் படங்களும் இப்போது பொதுச்சொத்து. வின்னி த பூ கரடிக்குட்டியை வரைந்த ஈ. எச். ஷெப்பர்ட் 1976 வரை இருந்தார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு வந்தால், பலருக்கும் முதலில் நகலெடுக்கத் தோன்றுவது 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் நந்தினியையும்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, அதனால் படமும் சேர்ந்து பொதுச்சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்துக்கான உரிமை வேறு, படத்துக்கான உரிமை வேறு. மணியம் மறைந்தது 1968-ல். வீட்டில் உட்கார்ந்து பழகுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, விலைக்கு விற்பதும் அச்சடித்து விற்பதும் வேறு கதை.

உரிமை முடிந்த படமென்றாலும் கையெழுத்தில் ஒரு நாணயம் வேண்டும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நகல் வரைய 1793-லிருந்து ஓவியர்களை அனுமதிக்கிறார்கள், நிபந்தனைகளோடு: நகலின் அளவு மூலத்தோடு ஒத்துப்போகக் கூடாது, மூல ஓவியரின் கையெழுத்தை நகலெடுக்கக் கூடாது. புத்தகப் படத்தில் டென்னியல் முத்திரையும் டால்ஸீல் பெயரும் படத்தின் உள்ளேயே இருப்பதால் நான் அவற்றை விட்டுவைப்பேன், ஆனால் என் பெயரைப் படத்துக்கு வெளியே கீழ் ஓரத்தில் தெளிவாகப் போட்டு, பின்பக்கம் பென்சிலில் எந்தப் பதிப்பைப் பார்த்து வரைந்தது, வண்ணம் யாருடைய யோசனை, எந்த வருடம் என்று எழுதிவிடுவேன். இருபது வருடம் கழித்து யார் கைக்குப் போனாலும் குழப்பம் இருக்காது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? செஷயர் பூனை வேண்டாம், அந்த மரமும் இலைகளும் கோட்டுக் காடு. ஜாபர்வாக் என்ற பூதம் வேண்டவே வேண்டாம், வரையவும் கஷ்டம், குழந்தைகள் அறையில் மாட்டவும் முடியாது. அதை இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தின் முகப்புப் படமாக வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தார்கள், பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று கரோல் முப்பது தாய்மார்களிடம் கருத்துக் கேட்டு, கடைசியில் வெள்ளைக் குதிரைவீரனை முன்னால் போட்டுவிட்டுப் பூதத்தை உள்ளே தள்ளினார். புதியவர்களுக்கு வெள்ளை முயல்தான் வசதி. ஒரே உருவம், பின்னணி குறைவு. அது கைக்கு வந்ததும் அடுத்து தோட்டக்காரர்கள் படத்தை எடுங்கள், அதில் ரோஜாவுக்குச் சிவப்பு ஒன்றை மட்டும் போட்டு மீதியைக் கறுப்பு வெள்ளையாகவே விட்டாலும் முழுசாகத்தான் இருக்கும்.